மேக்கும் விண்டோஸும் ஒரே கோப்புறையைத் திறந்த கதை

மதுரையில் நாங்கள் நடத்தும் சிறிய நூலாக்க அறையில், ஒரு கட்டுரைத் தொகுப்பின் ஏழாம் இயல் திருத்தப்படாத படியாகவே பக்க வடிவமைப்புக்குள் போய்விட்டது. மூன்றாம் மெய்ப்பு வரை நான் திருத்தி முடித்த கோப்பு என் கணினியிலேயே இருக்க, பென் டிரைவில் கிடந்த பழைய கோப்பை வடிவமைப்பாளர் எடுத்துப் பக்கம் கட்டியிருந்தார். அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் தற்செயலாகக் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். தட்டச்சும் மெய்ப்பும் நடக்கும் என் விண்டோஸ் 11 கணினிக்கும், பக்கம் கட்டும் மேக் மினிக்கும் இடையே ஆறடித் தொலைவுகூட இல்லை என்பதை நினைத்தபோது, பென் டிரைவை நம்பியிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. என் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, மேக்கிலிருந்தும் அதையே திறக்கும்படி செய்துவிடலாம் என்று அன்று மாலையே உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது ஐந்து மாலைகளை விழுங்கியது.

கோப்புறையின் மீது வலச்சொடுக்கி, பண்புகளில் பகிர்வுத் தாவலைத் திறந்து, ‘அச்சு’ என்ற பெயரில் பகிர்ந்தது முதல் வேலை. மேக்கில் கோப்புகளைப் பார்க்கும் நிரலான ஃபைண்டரைத் திறந்து ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைப் பார்த்த வடிவமைப்பாளர், “அண்ணே, இதுல உங்க கம்ப்யூட்டரே இல்லையே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டதில்தான் முதல் இரண்டு மாலைகள் வீணாயின. பட்டியலில் பெயர் இல்லையென்றால் இணைப்பே இல்லை என்று பொருள் கொண்டுவிட்டேன். உண்மையில் பெயர் தெரிவது வேறு, இணைப்புக் கிடைப்பது வேறு. இரு கணினிகளும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் மொழி எஸ்.எம்.பி. என்ற ஒன்றுதான், ஆனால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன்னை அறிவிக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. மேக் போன்ஜோர் என்ற முறையில் அறிவிக்கிறது. இன்றைய விண்டோஸ் டபிள்யூ.எஸ்.-டிஸ்கவரி என்ற முறையில் அறிவிக்கிறது. ஒன்றின் கூவல் மற்றதன் காதில் விழுவதில்லை.

பழைய நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதற்குக் காரணம், நெட்பயாஸ் என்ற முறையும் எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பும் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியலை வைத்திருந்ததுதான். அந்த முதல் பதிப்பை இப்போது யாரும் விரும்புவதில்லை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற மிரட்டல் நிரல், விண்டோஸில் அந்தப் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் முதல் பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. இதையெல்லாம் அறியாமல், யாரோ ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டு, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் அதைத் தேடிப் பிடித்து இயக்கிவைத்தேன். கணினியை இரண்டு முறை மறுதொடக்கம் செய்தேன். பலன் எதுவும் இல்லை. என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்த அன்றே அதை நீக்கிவிட்டேன். மேக்கும் விண்டோஸும் பேசிக்கொள்ள முதல் பதிப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த யோசனை பத்தாண்டுப் பழையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் பட்டியலை விட்டுவிட்டு முகவரியைப் பிடித்தேன். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியைக் கேட்டபோது 192.168.1.14 என்று வந்தது. மேக்கின் வைஃபை அமைப்பில் பார்த்தால் 192.168.3.6 என்று இருந்தது. மூன்றாவது எண்ணே மாறியிருந்ததைக் கண்டதும், இரண்டும் வெவ்வேறு வலையமைப்பில் இருக்கின்றன என்று விளங்கிவிட்டது. மேக் வந்த முதல் நாள், ரவுட்டரின் கடவுச்சொல்லைத் தேட நேரமில்லாமல், வருகிறவர்களுக்காக வைத்திருந்த விருந்தினர் வைஃபையில் அதை இணைத்துக் கொடுத்தவன் நான்தான். இணையம் தடையின்றி வந்ததால் அதன்பிறகு யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. விருந்தினர் வைஃபையின் நோக்கமே, அதில் இருப்பவர் வெளியுலகத்தை மட்டும் பார்க்க வேண்டும், வீட்டுக் கணினிகளைப் பார்க்கக் கூடாது என்பதுதான். ரவுட்டர் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது.

மேக்கை முதன்மை வைஃபைக்கு மாற்றியபின், ஃபைண்டரில் கமாண்ட் விசையுடன் கே எழுத்தை அழுத்தி, சேவையகத்துடன் இணைக்கும் பெட்டியில் எஸ்.எம்.பி. என்ற முன்னொட்டுடன் அந்த முகவரியை இட்டேன். நீண்ட நேரம் சுழன்றுவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது. இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் உதவிய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். எஸ்.எம்.பி. பயன்படுத்தும் வாசல் 445ஆம் எண் போர்ட். மேக்கின் கட்டளைச் சாளரமான டெர்மினலில் என்.சி. (nc) என்ற கட்டளையை -vz என்ற தெரிவுடன், முகவரியையும் 445 என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். பயனர் பெயர், கடவுச்சொல், கோப்புறை எதுவும் அதற்குத் தேவையில்லை. ‘மறுக்கப்பட்டது’ என்று உடனே பதில் வந்தால், கணினியை எட்டிவிட்டோம், ஆனால் உள்ளே பகிர்வுச் சேவை ஓடவில்லை என்று பெரும்பாலும் பொருள். பதிலே வராமல் காலம் கடந்தால், நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் நிரல், கேள்வியையே விழுங்குகிறது என்று கொள்ளலாம். எனக்கு வந்தது இரண்டாவது. பிங் செய்து, அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பிக் கணினி பதில் தருகிறதா என்று பார்ப்பதை, இதற்குப் பதிலாக நம்பக் கூடாது. கோப்புப் பகிர்வு விதிகள் திறக்கப்படாத விண்டோஸ் கணினி பிங்குக்குப் பதில் தராமல் இருப்பது இயல்பு.

விழுங்கியது விண்டோஸின் சொந்த ஃபயர்வால்தான். புதிய வலையமைப்பில் சேரும்போது விண்டோஸ் 11 அதை ‘பப்ளிக்’ என்ற வகையில் வைக்கிறது. அதாவது பேருந்து நிலையத்து வைஃபையில் இருப்பதைப் போல எச்சரிக்கையுடன் நடந்துகொள்கிறது. அமைப்புகளில் வலையமைப்பின் பண்புகளுக்குப் போய் ‘பிரைவேட்’ என்று மாற்றி, மேம்பட்ட பகிர்வு அமைப்பில் கோப்புப் பகிர்வை இயக்கினேன். டெர்மினலில் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தேன். வெற்றி என்று ஒரே வரியில் பதில் வந்தபோது, கோப்பு ஒன்றையும் இன்னும் திறக்கவில்லை என்பதையும் மறந்து மகிழ்ந்தேன்.

அடுத்தது கடவுச்சொல் படலம். என் கணினியை நான் நாள்தோறும் திறப்பது நான்கு இலக்கப் பின் எண்ணால். மேக் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டபோது என் மின்னஞ்சலையும் அந்த நான்கு இலக்கத்தையும் கொடுத்தேன். பெட்டி இடவலமாகத் தலையாட்டியது. பின் எண் அந்த ஒரு கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும், வலையமைப்பு வழியாக வருபவருக்குச் செல்லாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான கடவுச்சொல் மறந்தே போயிருந்தது. இணையத்தில் அதைப் புதிதாக மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தபோதும் தலையாட்டல் நிற்கவில்லை. புதிய கடவுச்சொல்லால் ஒருமுறைகூட அந்தக் கணினிக்குள் நுழையாததால், அதன் நினைவில் இருந்தது பழையதுதான். பின் எண்ணைத் தவிர்த்து ஒருமுறை கடவுச்சொல்லாலேயே உள்நுழைந்திருந்தால் சரியாகியிருக்கும். ஆனால், என் மின்னஞ்சலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் சாவியாக இருக்கும் ஒரு கடவுச்சொல்லை இன்னொரு கணினியில் சேமித்துவைப்பதே சரியில்லை என்று தோன்றியது. எனவே விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடர்பில்லாத உள்ளூர்ப் பயனர் ஒருவரை, நிர்வாகி உரிமை இல்லாமல், பகிர்வுக்காக மட்டும் உருவாக்கினேன். பெயரை ஆங்கில எழுத்துகளில் சிறிதாக வைத்தேன். அந்தப் பெயரைக் கொடுத்ததும் மேக் உள்ளே விட்டது.

உள்ளே விட்டது என்றுதான் சொன்னேன். கோப்புறையைத் திறக்க விடவில்லை. விண்டோஸில் ஒரு பகிர்வுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. பகிர்வுத் தாவலில் இருக்கும் அனுமதி ஒன்று. பாதுகாப்புத் தாவலில் இருக்கும், வட்டிலேயே பதிந்திருக்கும் அனுமதி மற்றொன்று. வலையமைப்பு வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். என் ‘அச்சு’ கோப்புறை என்னுடைய ஆவணங்கள் பகுதிக்குள் இருந்ததால், பாதுகாப்புத் தாவலில் நானும் நிர்வாகிகளும் மட்டுமே இருந்தோம். அங்கே புதிய பயனரைச் சேர்த்து மாற்றும் உரிமையைக் கொடுத்ததும் கோப்புகள் தெரிந்தன. ஏழாம் இயலைத் திறந்து ஒரு புள்ளி வைத்துச் சேமித்தால், முடியாது என்றது. மேம்பட்ட பகிர்வில் ‘எவ்ரிஒன்’ என்பதற்கு இயல்பாகக் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டுமே என்பதை அதன்பின் பார்த்தேன். அந்த வரியை நீக்கிவிட்டு, புதிய பயனரை அங்கும் சேர்த்து எழுதும் உரிமையைக் கொடுத்தேன். நான்காம் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, மேக்கில் வைத்த புள்ளி என் திரையில் தெரிந்தது.

எதிர்த்திசையில், மேக்கின் கோப்புறை ஒன்றை விண்டோஸிலிருந்து பார்ப்பது எளிதாகவே முடிந்தது. சிஸ்டம் அமைப்புகளில் பொதுப் பிரிவின் கீழ் உள்ள பகிர்வில் கோப்புப் பகிர்வை இயக்கினால் மட்டும் போதாது. அதன் விருப்பங்களுக்குள் ‘விண்டோஸ் கோப்புப் பகிர்வு’ என்ற தலைப்பின் கீழ் பயனரின் பெயருக்கு எதிரே குறியிட்டு, அவருடைய கடவுச்சொல்லை இன்னொரு முறை தர வேண்டும். அது குறைந்த பாதுகாப்புள்ள வடிவில் சேமிக்கப்படும் என்று மேக் எச்சரிக்கிறது. இங்கே ஒரே ஒரு சிக்கல்: முதலில் தவறான பெயரில் இணைத்துவிட்டு, பிறகு சரியான பெயரில் முயன்றபோது, ஒரே சேவையகத்துக்கு இரு பயனர் பெயர்களில் இணைய முடியாது என்று விண்டோஸ் 1219 என்ற பிழை எண்ணைக் காட்டியது. கட்டளைச் சாளரத்தில் பழைய இணைப்புகளை நீக்கியபின் அது போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலையில் கரண்ட் போய் வந்தபின் மேக் மீண்டும் இணைப்பு இல்லை என்றது. ரவுட்டர் புதிதாக எழுந்தபோது என் கணினிக்கு 14க்குப் பதிலாக 17 என்ற எண்ணைக் கொடுத்திருந்தது. ரவுட்டரின் அமைப்புக்குள் போய், என் கணினிக்கு எப்போதும் 14 என்று ஒதுக்கிவைத்தேன். என் கணினி அரை மணி நேரத்தில் உறங்கிவிடுவதையும் நிறுத்தினேன். உறங்கும் கணினி யாருக்கும் கதவு திறக்காது.

இணைப்பு நிலைத்தபின் வெளிவந்தவை பெயர்ச் சிக்கல்கள். வடிவமைப்பாளர் தன் கோப்புகளுக்கு ‘இறுதி?’ என்றும், தேதியைச் சாய்கோட்டுடனும் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர். மேக்குக்கு அவை குற்றமில்லை. விண்டோஸ் அந்தக் குறிகளைப் பெயரில் ஏற்காது. எனவே மேக் அவற்றை வேறு மறைகுறிகளாக மாற்றி எழுத, என் திரையில் அந்த இடத்தில் ஒரு சிறு கட்டம் தெரிந்தது.

இதைவிட விசித்திரமானது தமிழ்ப் பெயர்களில் இருந்தது. ‘தொகுப்பு 3’ என்ற பெயரில் ஒரே கோப்புறைக்குள் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நின்றன. ஓர் எழுத்துக்கூட வேறுபாடு இல்லை. ஒன்று நான் தட்டச்சிட்டது, மற்றது பழைய மேக் ஒன்றிலிருந்து ஜிப் கோப்பாக வந்து என் கணினியில் பிரிக்கப்பட்டது. ‘தொ’ என்பதை, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: தகரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வகை, ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்.எஃப்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது, விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். எது வந்ததோ அதை அப்படியே வைத்துக்கொள்கிறது, இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே எண்ணுகிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தமிழில் இந்தத் தொல்லை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் மட்டுமே உண்டு என்பதால்தான் ‘முன்னுரை’, ‘இயல்’ போன்ற பெயர்களில் எதுவும் நேரவில்லை; ‘தொகுப்பு’, ‘நோக்கு’, ‘பொருளடக்கம்’ ஆகியவைதான் இரட்டித்தன. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேதி பார்த்து, வேண்டாததை நீக்கி, மிஞ்சியவற்றின் பெயர்களை மீண்டும் தட்டச்சிட ஒரு மாலை ஆனது. இப்போது கோப்புப் பெயர்கள் எண்ணில் தொடங்குகின்றன. தமிழ்த் தலைப்பு கோப்புக்கு உள்ளே மட்டும் இருக்கிறது.

பக்க வடிவமைப்புக் கோப்பைப் பகிர்ந்த கோப்புறையிலிருந்தே நேரடியாகத் திறந்து வேலை செய்வது வைஃபையில் மந்தமாக இருப்பதால், வடிவமைப்பாளர் அதைக் காலையில் தன் வட்டுக்கு எடுத்துக்கொண்டு மாலையில் திருப்பி வைக்கிறார். மெய்ப்புக் கோப்புகள் மட்டும் எப்போதும் ‘அச்சு’வில்தான் இருக்கின்றன. பென் டிரைவ் இப்போதும் மேசையில் கிடக்கிறது, பி.டி.எஃப்.ஐ அச்சகத்துக்கு எடுத்துப் போக அது வேண்டும்.