பாலாற்றிலிருந்து பொதிகைக்கு: நாட்குறிப்பு

ஜனவரி 8

அனுமதி கிடைத்துவிட்டது! முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடமெல்லாம் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். பாபு போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்து பிடித்துவிட்டான். பொதிகை மலை உச்சியான அகஸ்தியர்கூடத்துக்கு, கேரளப் பக்கமிருந்து ஏற, பிப்ரவரி 6 முதல் மூன்று நாள். வசந்தி அக்கா, தனபால் சார், பாபு, நான். வேலூர்க் கோட்டை அகழியோரம் தினமும் நடக்கிற கூட்டம் மழைக்காட்டுக்குப் போகப்போகிறது.

நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14

பொங்கல். நைனா இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

ஜனவரி 19

முதுகில் பை மாட்டிக்கொண்டு வள்ளிமலை ஏறிப் பழகினோம். காலை ஒன்பதுக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. இங்கே ஏறுகிறவர்கள் எங்கேயும் ஏறலாம் என்கிறார் தனபால் சார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே வெயில் ஆளைக் காய வைக்கும். அங்கே வியர்வையே காயாது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

திரும்பும்போது காட்பாடிப் பாலத்தில் பாபு வண்டியை நிறுத்தினான். கீழே மணல், சீமைக் கருவேலம், நடுவில் கறுப்பாக ஒரு சாக்கடை வாய்க்கால். 2021 நவம்பரில் இதே பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நைனாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து காட்டினேன். அவர் பேசவே இல்லை, கும்பிட்டார்.

ஜனவரி 24

ஸ்கேன் எடுத்தாயிற்று. டாக்டர் அண்ணனிடம் மட்டும் தனியாகப் பேசினார். அண்ணன் என்னிடம் பாதிதான் சொல்கிறான் என்று முகத்திலேயே தெரிகிறது.

ஜனவரி 27

நைனாவிடம் சொன்னேன். "எத்தினி நாளு?" என்றார். சொன்னேன். "அங்க ஆத்துல தண்ணி கீதா?" என்றார். இருக்கு நைனா, வழியெல்லாம் ஆறுதான் என்றேன். "அப்ப போய்ட்டு வா."

அப்புறம் ஊற்று தோண்டின கதை. பாலாற்று மணலை முழங்கை ஆழம் கையாலேயே பறித்தால் போதுமாம், கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறும். முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆற்று ஊற்றிலிருந்து வெட்டிய கால்வாயில்தான் அவர் அப்பா நெல் வைத்தார். அந்தத் தண்ணீரின் ருசியைச் சொல்லும்போது மட்டும் நைனாவின் குரல் பழையபடி இருந்தது.

ஜனவரி 31

மலையேற மருத்துவச் சான்று வேண்டும். டாக்டர் பிரஷர் பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, திரும்பப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

நைனாவின் ரிப்போர்ட் 7-ம் தேதி வெள்ளிக்கிழமை வருமாம். அன்றைக்கு நான் உச்சியில் இருப்பேன். அங்கே சிக்னல் கிடையாது.

பிப்ரவரி 2

போகவேண்டாம் என்று முடிவு செய்தேன். அண்ணி போன் செய்தாள். "நீ இங்க உக்காந்துகினா ரிப்போர்ட் மாறிடுமா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 4

காட்பாடியில் இரவு ரயில். நைனா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை.

பிப்ரவரி 6, அதிருமலை முகாம்

டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது, குளிரா களைப்பா தெரியவில்லை.

காலையில் போனக்காடு சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் எல்லாம் எடுத்துவிட்டு உள்ளே விட்டார்கள். வழிகாட்டி இந்த மலையின் காணிப் பழங்குடிக்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறார். பெண்களுக்கு இந்த வழி திறந்ததே 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான். வசந்தி அக்கா சாவடியைத் தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போனதும் முதலில் சத்தம் மாறியது. ஜவ்வாது மலையில் இந்த மாதம் இலை கொட்டிக் கிடக்கும், எடுத்து வைக்கிற அடியெல்லாம் சரசரக்கும். இங்கே காலடிச் சத்தமே இல்லை. இலைகள் விழுந்த இடத்திலேயே ஊறி மக்கி மெத்தென்று கிடக்கின்றன. எல்லா மரமும் ஒரே நேரத்தில் இலை உதிர்ப்பதில்லை என்பதால் வருஷம் முழுக்க நிழல். பலகை வேர்கள் என் தோள் உயரத்துக்கு நிற்கின்றன.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் தூங்க முடியாது. ஒரு ஓடையைத் தாண்டினால் அடுத்ததின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. கரமனையாற்றில் கையை வைத்தேன், விரல் மரத்துவிட்டது. குனிந்து அப்படியே குடித்தேன். கொதிக்க வைக்காத, கேனில் வராத தண்ணீரைக் கடைசியாக எப்போது குடித்தேன் என்று நினைவில்லை. வேலூரில் வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை. இந்தச் சரிவுகளில் அதைப்போல மூன்று மடங்கு பெய்கிறது. பெய்ததைக் காடு பிடித்து வைத்து இந்தக் கோடையின் வாசலிலும் விட்டுக்கொண்டிருக்கிறது. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கும் இந்த மலையின் கிழக்குப் பக்கம்தான் காரணம். எங்கள் ஆறு நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலம் தாண்டி வருகிறது. வழியெல்லாம் அணை, மணல் லாரி, தோல் தொழிற்சாலைக் கழிவு. யாரைப் போய்க் கேட்பது?

அட்டையாறு பேருக்கு ஏற்ற ஆறு. கணுக்காலில் ஊசி போல ஒன்று. உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. கடித்த இடத்தில் மட்டும் ரத்தம் நிற்கவில்லை, காலுறை நனைந்துவிட்டது. ரத்தம் உறையாதபடி அட்டை ஏதோ செலுத்திவிடுமாம்.

கடைசி ஏற்றத்தில் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. வழிகாட்டி அண்ணன் ஒரு சின்னச் செடியைக் காட்டினார். ஆரோக்கியப்பச்சை. இதன் காயைத் தின்றால் களைப்பே தெரியாது என்று காணிகள் 1987-ல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய செடி. பறிக்கக் கூடாது, பார்த்துக்கொண்டேன்.

யானை வராமல் முகாமைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார்கள். இரவுக்குக் கஞ்சி.

நாளை வெள்ளி.

பிப்ரவரி 7

உச்சி. 1868 மீட்டர். கயிற்றைப் பிடித்துத்தான் பாறை ஏற வேண்டியிருந்தது. ஈரப் பாறை, காற்று ஆளைத் தள்ளுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் முழுக்க மேகம். அகத்தியர் சிலை முன்னால் என்ன வேண்டினேன் என்று எழுதப்போவதில்லை.

மணி பதினொன்றரை. அந்நேரம் அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கியிருப்பான். இறங்கும் வழியெல்லாம் அதுதான். வசந்தி அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார், பாதி காதில் ஏறவில்லை. ஈத்தை மூங்கில் காட்டருகே வழிகாட்டி கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். யானைச் சாணி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ரிப்போர்ட் மறந்துபோனது.

பிப்ரவரி 8, விதுரா

சிக்னல் வந்துவிட்டது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம்! திங்கள் என்கிறார்கள். பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பாபு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

நைனாவிடம் போனைக் கொடுத்தார்கள். "தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு நைனா. குடிச்சேன்."

"எப்டி கீது?"

சொல்லத் தெரியவில்லை. வந்து சொல்றேன் என்றேன்.

பிப்ரவரி 9, ரயிலில்

அட்டை கடித்த இடம் அரிக்கிறது. நாளை காலை எட்டுக்கு முன்னால் போய் டோக்கன் போட வேண்டும். பழைய ரிப்போர்ட், ஸ்கேன் பிலிம், காப்பீட்டு அட்டை நகல் எல்லாம் அண்ணியிடம் எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. இந்தத் தடவை டாக்டர் பேசும்போது நானும் உள்ளே போவேன்.