பென்விரில் பார்க்க என்ன இருக்கிறது

திங்கட்கிழமை காலை, வேலையிடத்தில் கோப்பி குடிக்கிற நேரம். ஞாயிறு எங்கே சைக்கிள் ஓடினாய் என்று கூட வேலை செய்கிறவர் கேட்டார். ரிக்விர், ஹுனாவிர், ரிபோவில்லே என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பென்விரில் இறங்கி நெடுநேரம் நின்றேன் என்றதும் புருவம் உயர்ந்தது. "பென்விரா? அங்கே பார்க்க ஒன்றும் இல்லையே. போருக்குப் பிறகு கட்டின ஊர். எல்லாம் புதிது."

நல்ல மனிதர். மலை ஏறும்போது எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஆனாலும் அந்த "எல்லாம் புதிது" அன்று முழுக்க நெஞ்சுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

நான் இருப்பது கிழக்குப் பிரான்சில், அல்சாஸ் பகுதியிலுள்ள கொல்மாரில். மேற்கே வோஜ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆற்றுச் சமவெளி. இரண்டும் சந்திக்கிற அடிவாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டம். மார்லென்ஹைமில் தொடங்கித் தெற்கே தான் நகர் வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டருக்கு ஒரு வைன் பாதை போகிறது. 1953இல் அதைத் திறந்தார்கள். கார்க்காரருக்கு அது. சைக்கிள்காரருக்குத் தோட்டங்களின் ஊடாகவே தனியாக ஒரு பாதை உண்டு. உழவு இயந்திரம் தவிர வேறு வண்டி அதில் அதிகம் வராது. பெருந்தெருவில் ஓடினாலும் பயமில்லை. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிற கார் ஒன்றரை மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பெரும்பாலானோர் விடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் மினிபஸ் உரசிப் போக, தெருவோரப் புழுதிக்குள் இறங்கி நின்று வளர்ந்தவனுக்கு இது ஒரு ராஜ மரியாதை.

அம்மாவுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு ஞாயிறும் இதே விசாரணை.

"வேலைக்கோ போறாய்?"

"இல்லையம்மா."

"சாமான் வாங்கவோ?"

"இல்லை."

"ஆரையும் பார்க்கப் போறியோ?"

"இல்லை, சும்மா ஓடுறனான்."

"சும்மா ஓடுறதுக்கு என்னத்துக்கடா மலையில ஏறுறாய்? கீழ ஓடலாம்தானே?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடாநாட்டில் ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். சைக்கிள் என்றால் சுமை. முன் பாரில் பிள்ளை, கரியரில் மனைவி, ஹாண்டிலில் மீன்பை. 1990க்குப் பிறகு பெற்றோல் வருவது நின்றபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. மற்ற எல்லாம் சைக்கிளில். நோயாளியை அதில் ஏற்றிப் போனோம். நெல்மூட்டையையும் விறகையும் அதில்தான் கொண்டுவந்தோம். இரவில் ஸ்டாண்டில் நிறுத்திவைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கொடுத்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். அப்பாவின் ரலே சைக்கிளில் பெடல் சுற்றும் முறை எனக்கு வந்தால், செய்தி முடியும்வரை கையை மாற்றக்கூடாது. மாற்றினால் குரல் இழுபடும்.

இங்கே சைக்கிள் பத்துக் கிலோவும் இல்லை. கரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, பெல்கூட நான் தனியாக வாங்கிப் பூட்டினேன். அதில் துர்க்ஹைமிலிருந்து துரொவா எப்பிக்கு ஏறுகிறபோது, காட்டுக்குள் வளைவுக்கு மேல் வளைவாகத் தெரு சுற்றிக்கொண்டு போகும். மூச்சு வாங்கும். எதிரே இறங்கி வருகிறவர் யாரென்று தெரியாது, ஆனாலும் கைதூக்கி "போன்ஜூர்" சொல்லாமல் போகமாட்டார். நகரத்தில் ஒரே மாடியில் குடியிருந்தும் முகம் பார்க்காதவர்கள் மலையில் வணக்கம் சொல்கிறார்கள். எனக்கு இந்த நாடு பிடித்துப்போனது அந்த வளைவுகளில்தான்.

கொல்மாரிலிருந்து வடக்கே நான் வழக்கமாக ஓடும் சுற்று இதுதான். இங்கர்ஷைம், அம்மர்ஷ்விர், பிறகு கைசர்ஸ்பெர்க். நோபல் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875இல் பிறந்த ஊர் அது. குன்றில் இடிந்த கோட்டை, கீழே 1514இல் கட்டிய அரண் பாலம். அங்கிருந்து கீன்ட்ஸ்ஹைம், சிகோல்ஷைம், பென்விர், மித்தெல்விர். அப்புறம் ஒரு சிறிய ஏற்றம் ஏறினால் ரிக்விர். அதன் டோல்டர் கோபுரம் 1291இல் எழுந்தது. மரச்சட்டமிட்ட மஞ்சள், நீல, சிவப்பு வீடுகள், ஜன்னலெல்லாம் ஜெரேனியம். கல் பாவிய தெருவில் சைக்கிள் ஓடினால் மணிக்கட்டு வரை அதிரும். இறங்கித் தள்ளித்தான் போகவேண்டும், அதுவும் கோடையில் சுற்றுலாக் கூட்டத்துக்குள். ஹுனாவிரில் தோட்டத்தின் நடுவே மதில் சூழ்ந்த தேவாலயம் ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் ஒரே கட்டடத்தில் முறைவைத்து வழிபடுகிறார்கள். கூரையில் நாரைக் கூடு.

அழகுதான். ஒருநாளும் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊர்களுக்கு நடுவே கிடக்கிற பென்விரை எல்லாரும் ஏன் நிற்காமல் கடக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

1944 டிசம்பரில் நேச நாட்டுப் படைகளும் ஜெர்மன் படைகளும் இந்த அடிவாரத்தில் மோதிக்கொண்டன. கொல்மாரைச் சுற்றி ஜெர்மனியர் பிடித்துவைத்திருந்த நிலம் 1945 பெப்ரவரியில்தான் மீட்கப்பட்டது. அதற்குள் பென்விர், சிகோல்ஷைம், மித்தெல்விர், அம்மர்ஷ்விர் எல்லாம் கல்லும் கரியுமாகிவிட்டன. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ரிக்விர் தப்பியது. இன்று ஒரு ஊருக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவதும் பக்கத்து ஊரைத் தாண்டிப்போவதும் அந்தச் சில வாரங்களில் முடிவான காரியம். பென்விர்க்காரர் எதையும் குறையாகச் செய்துவிடவில்லை.

சிகோல்ஷைமுக்கு மேலே உள்ள குன்றில் 1,589 வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களில் பலர் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர்களின் கல்லறைகள் மக்காவின் திசை நோக்கித் திருப்பி அமைக்கப்பட்டிருக்கின்றன. யாருடைய ஊரையோ மீட்க வந்து, தங்கள் ஊர் திரும்பாதவர்கள். அந்தக் குன்றில் ஏறிக் கீழே பார்த்தால் பென்விரின் கூரைகள் ஒரே வயதில் தெரியும்.

பென்விரில் நான் பார்ப்பது இவைதான். அகலமான தெரு. உறுதியான, அலங்காரம் குறைந்த வீடுகள். வண்ணக் கண்ணாடியாலேயே பெரிய சுவர் எழுப்பிய தேவாலயம். வெயில் திரும்பும் நேரம் உள்ளே போனால் தரையில் நிறம் விழுந்து கிடக்கும். பிறகு திராட்சைச் சங்கம். வீடுவீடாக இருந்த பிழிபொறிகளும் பீப்பாய்களும் எரிந்துபோன பிறகு, தனித்தனியாக எழும்ப யாருக்கும் வலு இருக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே கூடமாகக் கட்டினார்கள், ஒன்றாகப் பிழிந்தார்கள். பக்கத்து மித்தெல்விரில் ஒரு மதில். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அதில் நீலம், வெள்ளை, சிவப்புப் பூக்களை வளர்த்தார்களாம், பிரெஞ்சுக் கொடியின் நிறத்தில். கொடி பிடிக்கத் தடை இருந்த காலம். பூ வளர்ப்பதற்கு வழி இருந்திருக்கிறது.

எங்களுடைய ஊர் வசாவிளான். 1990 ஜூனில் ஷெல் விழ விழ, அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு அங்கிருந்து வெளிக்கிட்டேன். இரண்டு நாளில் திரும்பலாம் என்று அம்மா மாட்டை அவிழ்த்துவிட்டு, படலையைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு பலாலியைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஊர் போய்விட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் திராட்சை உண்டு. இங்கே கம்பியில் நேராக நிறுத்துகிறார்கள், நாங்கள் பந்தலில் படரவிடுவோம். பெரியப்பாவின் பந்தலுக்குக் கீழே மத்தியானத்திலும் குளிரும். பழம் பறிக்கிற நாட்களில் எங்களை அண்டவிடமாட்டார். பறித்து முடிந்தபின் விடுபட்ட குலைகள் பிள்ளைகளுக்கு.

செப்டம்பரில் இங்கே திராட்சை அறுவடை. தெருவெல்லாம் நசிந்த பழச்சாறு ஒட்டும், காற்றே புளிக்கும். எனக்குக் கொல்மார் ஊராகிவிட்டது என்று நான் எல்லாருக்கும் சொல்வதுண்டு. வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடன், மருத்துவர் எல்லாம் இங்கேதான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் புளித்த மணம் வந்தால் பெரியப்பாவின் செருமல் காதில் கேட்கிறது.

ஊரில் ஒரு பகுதியை இராணுவம் விட்டபோது அம்மா போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. பற்றை. கிணறு மட்டும் இருந்தது, அதை வைத்துத்தான் அது எங்கள் காணியென்று கண்டுகொண்டார். பெரியப்பாவின் தோட்டம் இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்.

ஆகவே, போருக்குப் பிறகு கட்டிய ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. எழுநூறு வருடக் கோபுரம் நின்றது நற்பேறு. சாம்பலான ஊருக்கு அதே ஆட்கள் திரும்பிவந்து, கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் மறுபடி கொடி நட்டது மனிதர் செய்த வேலை. நான் நின்று பார்க்க விரும்புவது அந்த வேலையை. இதை அடுத்த நாள் அந்த நண்பரிடம் சொன்னேன். கோப்பி ஆறும்வரை கேட்டுவிட்டு, தன் பாட்டியும் அம்மர்ஷ்விரில் வீடிழந்தவர் என்றார். அதுவரை சொன்னதில்லை. இந்த ஞாயிறு தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்குப் பென்விரின் படங்களை அனுப்பினேன். தேவாலயத்தை அவர் கவனிக்கவேயில்லை.

"எல்லாம் இடிஞ்சு போச்செண்டால், காணி எல்லையை என்னண்டு கண்டுபிடிச்சவை?"

அல்சாஸில் காணிப் பதிவேடு நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது, ஜெர்மன் ஆட்சிக் காலத்திலிருந்து வந்த முறை, எந்தத் துண்டு யாருடையது என்று அதில் எழுதியிருக்கும், சில இடங்களில் தெருவை அகலமாக்கத் துண்டுகளை மாற்றியும் பிரித்தார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப எங்கட காணி உறுதியை இன்னொருக்கால் நல்லாப் படமெடுத்து உனக்கு அனுப்புறன். பெரியப்பான்ரயையும் கேட்டு வாங்குறன். வாற வருசம் விசா கிடைச்சால் என்னை அந்த ஊருக்குத்தான் முதல்ல கூட்டிக்கொண்டு போகவேணும். பஸ் போகுமோ, இல்லாட்டி உன்ர சைக்கிளுக்குக் கரியர் பூட்டுவியோ?"