இன்னும் வேகலையா?

ஊட்டியில் மூன்று நாளாக மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. என் பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு.

பேசிஸ் செட் சோதனைதான்: எலக்ட்ரான்களை வர்ணிக்கக் கணினிக்குக் கொடுக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்ப்பது. வேதியியலாளர் டன்னிங் 1989-ல் வெளியிட்ட வரிசையில் மிகச் சிறிய தொகுப்பான டபுள் ஸீட்டாவுக்கு 24 சார்புகள், டிரிபிளுக்கு 58, குவாட்ரபிளுக்கு 115. ஹார்ட்ரீ-ஃபாக் முறையில் (ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரியை மட்டுமே உணர்வதாகக் கொள்வது) ஆற்றல் -76.027, -76.057, -76.065 ஹார்ட்ரீ (இந்தக் கணக்குகளில் ஆற்றலின் அலகு) என்று இறங்குகிறது. முதல் இறக்கம் வெறும் 0.030தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் மோலுக்கு 19 கிலோகலோரி! நமக்கு வேண்டிய துல்லியமோ 1 கிலோகலோரி. டபுள் ஸீட்டாவை நம்பிப் போன மாதமே அறிக்கை எழுத உட்கார்ந்தவன் நான். நல்லவேளை, சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

ஹார்ட்ரீ-ஃபாக்காவது சீக்கிரம் படிந்துவிடும். அடம்பிடிப்பது எலக்ட்ரான் கோரிலேஷன், அதாவது எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதால் வரும் ஆற்றல். அதன் பிழை ஸீட்டா எண்ணின் (டபுளுக்கு 2, டிரிபிளுக்கு 3) மும்மடிக்கு எதிர்விகிதத்தில்தான், ஆமை மாதிரி குறையும்.

“என்னடா கண்ணு, இன்னும் வேகலையா?” என்கிறார் பாட்டி. அவர் நிலைமையும் என்னுடையது மாதிரியேதான். குக்கர் ரிப்பேர், இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அவரைக்கொட்டை அசையவே இல்லை. கரண்டியில் ஒன்றை எடுத்து, ஊதி, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

நான் ஃபைவ் ஸீட்டாவைத் தட்டிவிட்டேன், 201 சார்புகள். பேட்டரி 11 சதவீதம்.