டீசல் திட்டத் தாளில்தான் எரிகிறது

மட்டக்களப்பில் படம் எடுக்கிற தம்பிமாரிடம் சூழலைக் கெடுக்காத ஷூட்டிங் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பெரிய காசுக்காரர் செய்யிற வேலை அண்ணன், எங்களுக்கு லைட் வாடகை கட்டவே காணாது" என்பார்கள். கையில் காசு குறைந்தவன்தான் இதை முதலில் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. டீசல், பெற்றோல், தண்ணீர்ப் போத்தல், பிளைவூட் என்று கேடு செய்கிற சாமான் அநேகமும் நாம் காசு கொடுத்து வாங்குவதுதானே.

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. மிகப் பெரிய பட்ஜெட் படம் ஒன்று சராசரியாக 3,370 தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறதாம், அதில் பெரிய பங்கு வாகனத்துக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றுகிற எரிபொருளுடையது. ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். பிரிட்டனில் 2011இல் தொடங்கிய அல்பேர்ட் என்ற திட்டம் இதற்கென்றே ஒரு கணிப்பான் வைத்திருக்கிறது. எத்தனை வாகனம், எத்தனை இரவுத் தங்கல், எவ்வளவு மின்சாரம் என்று கமராவைத் தூக்குவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். முன்பே பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் ஷூட்டிங் தொடங்கிய பிறகு யாரும் எதையும் குறைக்க மாட்டார்கள், நேரம் போகிறது என்று எல்லோரும் கத்திக்கொண்டு நிற்கும்போது அசிஸ்டன்ட் தம்பி இன்னொரு வானைத்தான் கூப்பிடுவான்.

நான் பார்த்த திட்டத் தாள் ஒன்றில் முதல் நாள் பாசிக்குடா, இரண்டாம் நாள் அறுகம்பே, மூன்றாம் நாள் திரும்பவும் பாசிக்குடா. நடிகர் ஒருவரின் லீவுக்காக அப்படிப் போட்டார்களாம். மட்டக்களப்பில் இருந்து ஒன்று வடக்கே, மற்றது தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த லீவை ஒரு நாள் தள்ளிக் கேட்டிருந்தால் மூன்று வாகனமும் ஒரு முறை போய் வந்திருக்கும். கல்லடியை எடுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. சூரியன் கடலில் உதிப்பதை விடியற்காலையில் எடுத்துவிட்டு, பகலில் வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளை முடித்துவிட்டு, வாவிப் பக்கம் போனால் அந்தியும் கிடைக்கும், அதே நாளில், குழுவைக் கால்நடையாகவே கூட்டிக்கொண்டு போகலாம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல்தான் என்றபோது எல்லோரும் இப்படித்தான் யோசித்தோம். கோட்டா எடுபட்டதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது, அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

லைட்டுக்கு வருவோம். 1000 வாட் டங்ஸ்டன் செய்கிற வேலையை 200, 250 வாட் எல்ஈடி செய்கிறது, சூடும் குறைவு. அப்படி மூன்று லைட் என்றால் வீட்டுக் கரண்டே போதும், ஜெனரேட்டர் தேவையில்லை. ஆனால் வீட்டுக்காரரின் தலையில் பில்லைக் கட்டிவிட்டு வரக்கூடாது. காலையில் மீட்டர் இலக்கத்தைச் செலவுக் கொப்பியில் எழுதி, பின்னேரம் திரும்பவும் பார்த்து எழுதி, ஓடின யூனிட்டுக்கு அவர் கையில் காசைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அக்காமார் அடுத்த முறையும் சந்தோஷமாக வீடு தருவார்கள், எவ்வளவு மின்சாரம் போனது என்ற கணக்கும் அப்படியே கையில் இருக்கும்.

அப்புறம் சாப்பாடு. முப்பது பேருக்குச் சோற்றுப் பார்சல், ஆளுக்கு மூன்று தண்ணீர்ப் போத்தல் என்றால் ஒரு நாளைக்கு 90 வெறும் போத்தல். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்கும் 2017இலேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் ஷூட்டிங் குப்பைப் பையைத் திறந்தால் அதுதான் கிடக்கிறது. இந்தக் குப்பை எங்கே போகும் என்று கேட்கிறவர்களுக்கு அம்பாறைப் பள்ளக்காட்டைக் காட்டுவேன். அந்தக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. பக்கத்து வீட்டில் சட்டியில் சமைப்பித்து, கழுவுகிற கோப்பையில் சாப்பிட்டு, பெரிய கேனில் தண்ணீர் வைத்தால் செலவும் குறையும், ஊரில் ஒரு குடும்பத்துக்கு வேலையும் கிடைக்கும்.

கடற்கரையில் இன்னொரு கெட்ட பழக்கம். ஃபிரேம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அடம்பன் கொடியைப் பிடுங்கி எறிகிறார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். கணுவுக்குக் கணு வேர் விட்டு நிற்கும், இழுத்தால் கையோடு ஒரு பிடி மணலும் சேர்ந்து வரும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் ஒரு ஹாலிவுட் படத்துக்காக 1999இல் மணல் மேட்டைச் சமப்படுத்தித் தென்னை நட்டார்கள், அந்த வழக்கு 2022 வரை இழுபட்டது. பெரிய ஸ்டூடியோ என்றால் வழக்கென்றாவது வரும். இங்கே நாலு பேர் கொடியைப் பிடுங்கிவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை, மார்கழியில் கடல் ஏறி வரும்போதுதான் தெரியும். காட்சிக்கு வெறும் மணல்தான் வேண்டுமென்றால் கமராவைப் பத்தடி தள்ளி வையுங்கள், செட்டுக்குக் குடிசை வேண்டுமென்றால் கிடுகும் மூங்கிலும் போதும், முடிந்த பிறகு யாராவது வேலி அடைக்க எடுத்துப் போவார்கள்.

சரி, தை மாதம் மழை விட்டதும் தொடங்க இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், திட்டத் தாளை எனக்கு ஒருக்கால் அனுப்புங்கள். எந்த வாகனத்தை வெட்டலாம், எந்தக் காட்சிகளை ஒரே இடத்துக்குள் கொண்டு வரலாம் என்று சேர்ந்து இருந்து பார்ப்போம், காசு ஒன்றும் வேண்டாம். எல்ஈடி லைட் வைத்திருக்கிற குழுக்களும் சொல்லுங்கள், ஆளுக்காள் மாற்றிப் பாவிக்கலாம், கொழும்பிலிருந்து வாடகைக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு வருகிற தேவை இராது.