ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு

மார்ச் 24

அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு ஏப்ரல் 8 குறித்துவிட்டார்கள். குடலிறக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். கத்தியை நினைத்து நான் பயப்படவில்லை. வார்டை நினைத்துத்தான்.

மார்ச் 25

போன வருடம் காய்ச்சலுக்குச் சேர்த்தது மனத்தைவிட்டு அகலவில்லை. அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் காலை 9, இரவு 9 என்றுதான் மாத்திரை. பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவுக்கு 7, 11, 3, 7. "கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன?" என்றார்கள். என்னவா? அவருடைய பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா இரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அடுத்த வேளை தள்ளிப்போனால் உடம்பு இறுகிவிடும். அன்று இரவு அப்பாவால் புரண்டு படுக்க முடியவில்லை, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்: "ஒத்துழைக்க மறுக்கிறார்." அந்த வரியை நான் மன்னிக்கப் போவதில்லை.

மார்ச் 27

புரதம் மாத்திரையோடு போட்டி போடும் என்பதால் பருப்பையும் தயிரையும் அம்மா கடிகாரத்தைப் பார்த்துத்தான் பரிமாறுகிறாள். இன்று சாப்பாடு ஒன்றரைக்கு முடிந்தது. 3 மணி மாத்திரை நன்றாக வேலை செய்தது.

மார்ச் 30

கலெக்டர் அலுவலகம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சனும் இருக்கிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். அதற்கெல்லாம் முதலில் அடையாள அட்டை வேண்டும்.

வரிசையில் ஒருவர், "பெரியவர் நன்றாகத்தானே நடக்கிறார்?" என்றார். மாத்திரை வேலை செய்யும் நேரம் அது. திரும்பும்போது வாசலில் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னே சாய்கிறது, பாதம் வரவில்லை. காவலர் கையைப் பிடித்து இழுக்க வந்தார். இழுத்தால் விழுந்துவிடுவார். என் பாதத்தை அப்பாவின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். அதைத் தாண்டினார், பிறகு நடந்தார். காவலர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இனி யாராவது இப்படி நின்றால் நானும் செய்கிறேன் அம்மா" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 2

தூக்கமில்லை. வார்டு, வார்டு, வார்டு.

ஏப்ரல் 4

பார்க்கின்சன் குடும்பங்களின் மாதாந்திரக் கூட்டம். நோயாளிகள் ஓர் அறையில், பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னோர் அறையில். பத்து வருடமாகக் கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: குமட்டலுக்கு மெட்டோக்ளோபிரமைடு கூடாது. பிதற்றினால் ஹாலோபெரிடால் கூடாது. இரண்டும் டோபமைனை, அதாவது லெவோடோபா மூளையில் கூட்டும் அதே பொருளை, தடுப்பவை. குமட்டலுக்கு வேண்டுமானால் டாம்பெரிடோன் பற்றி மருத்துவரிடம் கேள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. எந்தக் கையேடும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை. பிரதிகள் எடுத்துவிட்டேன்: கேஸ் ஷீட்டுக்கு, மயக்க மருத்துவருக்கு, தலைமாட்டில் ஒட்ட.

பக்கத்து அறையில் குரல் பயிற்சி. ஒவ்வொருவராகச் செய்தித்தாளை உரக்க வாசித்தார்கள். தங்கத்தின் விலையை யாரோ அதிகாரமாக அறிவித்தார். அப்பா! வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாலும் கேட்காத குரல், சுவரைத் தாண்டி வந்தது. அக்கா என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 6

மயக்க மருத்துவர் தாளை முழுவதும் வாசித்தார்! காலை 7 மணி மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு தரலாம், அப்பாவையே முதலில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தபோது பேச்சு வரவில்லை.

ஏப்ரல் 7

சேர்த்தாயிற்று. வெளி மாத்திரைகளை நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டுமாம். அது விதியாம். தாளைக் காட்டினேன். தலைமை நர்ஸ் வரட்டும் என்கிறார்கள். மாத்திரை டப்பா என் மடியிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 8

7.00 கொடுத்தேன்.
8.10 உள்ளே போனார்.
10.30 வரவில்லை.
11.00 வரவில்லை. கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார்கள்.
11.40 வந்தார். கை இறுகியிருக்கிறது. கண் திறக்கிறார்.
12.05 மருத்துவர் அனுமதித்தார். விழுங்கிவிட்டார்.
1.00 விரல்கள் விரிகின்றன.

ஏப்ரல் 9

தலைமை நர்ஸ் தன் கைபேசியில் நான்கு அலாரங்கள் வைத்திருக்கிறார். தலைமாட்டுத் தாளில் அவரே சிவப்பு மையில் நேரத்தை எழுதினார். அப்பா மெல்ல ஏதோ சொன்னார். "உரக்கச் சொல்லுங்கள் ஐயா" என்றார் நர்ஸ். "காபி!" வார்டே திரும்பிப் பார்த்தது.

ஏப்ரல் 10

நாளை வீட்டுக்கு. நாளை உலக பார்க்கின்சன் நாளும்கூட. 1817-இல் இந்த நோயை விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள். மேடை போட்டுப் பேசுவார்கள், பேசட்டும். எந்த வார்டில் சேர்ந்தாலும் மாத்திரை நோயாளியின் நேரப்படிதான் என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். யாரிடம் கேட்பது? அந்த அக்காவோடு சேர்ந்து மனு எழுதப் போகிறேன். முதல் பத்தியில் அந்த "ஒத்துழைக்க மறுக்கிறார்" வரியை அப்படியே

அலாரம் அடிக்கிறது. மணி மூன்று.