அடிக்கடி அழுத்தாத பட்டன்

“வருசத்துக்கு எத்தன தடவைங்க அந்த பட்டன அழுத்தப் போறாங்க?”

எங்கள் புது காரின் டிசைன் ரிவ்யூவில் இதைக் கேட்டவர் செலவுக் கணக்கு பார்க்கும் சீனியர், கோவைக்காரர். முன்கண்ணாடியில் உட்பக்கம் படியும் ஈர மங்கலைப் போக்கும் டீஃபாகருக்கு டாஷ்போர்டில் தனிப் பட்டன் வைப்பதா, டச் ஸ்கிரீனுக்குள் கொண்டுபோவதா என்பது விவாதம். ஆதாரம் அவர் கையில் இருந்தது. எதை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று பதியும் சோதனை வண்டிகளின் லாக்கில் வால்யூம் முதலில் நிற்கும். அடுத்து ஏசி வெப்பநிலை, ப்ளோயர். டீஃபாகர் பட்டியலின் அடியில், நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹஸார்டு விளக்குக்குப் பக்கத்தில்.

“ஹஸார்டையும்தான் சார் யாரும் அழுத்தறதில்ல. அதையும் எடுத்துடலாமா?” என்றேன்.

“அதுக்கு ரூல் இருக்குதுங்க. இதுக்கு இல்லீங்களே.”

பேச்சு அடுத்த உருப்படிக்குப் போய்விட்டது. அவர் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘எத்தனை தடவை’ என்ற அளவுகோலே இந்தப் பட்டனுக்குப் பொருந்தாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பொருந்தாது என்றால் வேறு எந்த அளவுகோல்? அதை முழுசாகச் சொல்ல முடியாமல்தான் அந்த இரண்டு வரிப் பேச்சு இன்னும் மனசுக்குள் ஓடுகிறது.

டீஃபாகர் தேவைப்படும் நேரத்தைப் பார்ப்போம். சாயங்கால மழை, ஓசூர் ரோடு, வண்டிக்குள் நாலு பேர். குளிருகிறது என்று ஏசியை அணைத்திருப்பார்கள், உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் மட்டும் போட்டபடி இருக்கும். மூச்சின் ஈரமும் நனைந்த துணியின் ஈரமும் உள்ளேயே சுற்றும். மழையில் குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் படியத் தொடங்கினால், முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் லைட் கொஞ்ச நேரத்தில் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும்.

அதைப் போக்க ஐந்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். காற்று கண்ணாடிப் பக்கம் திரும்ப வேண்டும். ப்ளோயர் வேகம் கூட வேண்டும். ஏசி கம்ப்ரஸர் ஓட வேண்டும். இது குளிருக்காக இல்லை, ஏசியின் குளிர்ந்த எவாப்பரேட்டரில் ஈரம் தண்ணீராக வடிந்து காற்று உலர்வதற்காக. ரீசர்குலேஷன் நின்று வெளிக்காற்று வர வேண்டும். வெப்பநிலை ஏற வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 18 டிகிரியில் வைத்தபடியே காற்றைக் கண்ணாடியில் அடித்தால் உட்பக்கம் தெளியும், ஆனால் புழுக்கமான இரவில் வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும். வைப்பர் துடைத்த கையோடு திரும்பவும் படியும். சென்னையில் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒழுங்காக அமைத்த டீஃபாகர் பட்டன் ஒரே அழுத்தில் இந்த ஐந்தையும் செய்யும். இன்னொரு அழுத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இதையே திரைக்குள் அலட்சியமாகப் போட்டால், கிளைமேட் பக்கத்தைத் திற, காற்றுத் திசையை மாற்று, ப்ளோயரைக் கூட்டு, ரீசர்குலேஷனை எடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வை போகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. கண்ணாடியும் மங்கி, கண்ணும் ரோட்டில் இல்லாத நேரம் அது. லாக் இதைக் காட்டாது. ‘ஒரு தடவை அழுத்தப்பட்டது’ என்று மட்டும்தான் எழுதும்.

2022-ல் ஸ்வீடனின் வீ பீலாகரே கார் பத்திரிகை நடத்திய சோதனையை ரிவ்யூவுக்குக் கொண்டுபோயிருந்தேன். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே டீஃபிராஸ்டர் (குளிர்நாடுகளில் டீஃபாகரின் பெயர்), ரேடியோ, ட்ரிப் மீட்டர் மாதிரியான சில வேலைகளைச் செய்ய வேண்டும். வண்டிகளைப் பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே நேரம் கொடுத்தார்கள். பட்டன்கள் நிறைந்த 2005 வால்வோ வி70-இல் எல்லாம் 10 வினாடியில் முடிந்தது, வண்டி ஓடியது 306 மீட்டர். திரையை நம்பிய புது வண்டிகளில் மிக மெதுவானதற்கு ஏறக்குறைய 45 வினாடி ஆனது, அதற்குள் 1,300 மீட்டருக்கும் மேல் ஓடிவிட்டது. சீனியர் பொறுமையாகக் கேட்டார். “அது அந்த மெனுவோட குத்தம்ங்க. ஸ்கிரீனோட குத்தம் இல்ல” என்றார். அந்தச் சோதனையிலேயே சில திரை வண்டிகள் மோசமில்லாத நேரம் எடுத்திருந்தன. அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

செலவு விஷயத்திலும் அவர் பக்கம் கனமானது. ஒரு பட்டன் என்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு இல்லை. மோல்டு வேண்டும், பெயின்ட் அடித்து லேசரில் சின்னம் செதுக்க வேண்டும், பின்னால் எல்ஈடி, சின்ன போர்டு, கனெக்டர், ஹார்னஸில் ஒயர். பல்லாயிரம் அழுத்துகள் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். அந்த வசதி இல்லாத வேரியண்டுக்கு ஓட்டையை மூட இன்னொரு பாகம். இத்தனைக்குப் பிறகும் இடுக்கில் தூசி போகும், காபி கொட்டினால் ஒட்டிக்கொள்ளும். திரை எப்படியும் வண்டியில் இருக்கப் போகிறது. அதில் இன்னொரு ஐகானுக்கு ஆகும் செலவு அற்பம். மேப்பில் ஊர்ப் பெயரை நாப் திருகி எழுத்தெழுத்தாகப் போட்டவர்கள் யாரும் அந்தக் காலத்துக்குத் திரும்ப விரும்ப மாட்டார்கள். நானும்தான்.

ஆனாலும் விரலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பட்டனில் தேடுவது, கண்டுபிடிப்பது, அழுத்துவது மூன்றும் தனித்தனி. விளிம்பைத் தடவிப் பார்க்கலாம், விரலை அதன் மேல் வைத்துக் காத்திருக்கலாம், எதுவும் நடக்காது, அழுத்தினால்தான் நடக்கும். விரல் பட்டாலே உணரும் கபாசிட்டிவ் டச் ஸ்கிரீனில் தொடுவதே அழுத்துவது. தடவித் தேட வழியில்லை, அதனால் கண்தான் தேட வேண்டும். அதிர்வு கொடுக்கும் ஹாப்டிக் திரை இதைத் தீர்க்கும் என்று சப்ளையர்கள் சொல்வார்கள். அந்த அதிர்வு தொட்ட பிறகு வருவது. தொடுவதற்கு முன் இடம் காட்டாது. இதோடு கை அந்தரத்தில் நீட்டியிருக்கிறது, ரோட்டில் பள்ளம் வந்தால் விரல் பக்கத்து ஐகானில் விழும். மழையில் கண்ணாடியை இறக்கி டோலுக்குக் கை நீட்டிய ஈர விரல் என்றால், தொட்ட இடம் ஒன்று, திரை எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று என்றாகும்.

திரையே போய்விட்டால்? இது கற்பனைக் கேள்வி இல்லை. 2021-ல் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டுத் தேய்ந்து, திரை செயலிழந்தது. பின்பக்கக் கேமராவோடு டீஃபாகர் கட்டுப்பாடும் சேர்ந்து போனது. இதைச் சொன்னதும் சீனியர் குறித்துக்கொண்டார். எங்கள் வாதங்களில் அவரை அசைத்தது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

முடிவு நடுவாந்திரமாக வந்தது. தனிப் பட்டன் இல்லை. திரையின் அடிவரிசை எப்போதும் தெரியும், போனை இணைத்து மேப் முழுத் திரையில் ஓடினாலும் மறையாது. டீஃபாகர் ஐகான் அந்த வரிசையில் ஓட்டுநர் பக்கத்து மூலையில், மற்றவற்றைவிடப் பெரிதாக. மூலை என்பதால் விரல் திரையின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே இறங்கி இடம் பிடிக்கலாம்; சட்டத்தின் அடியில் கட்டைவிரல் ஊன்ற ஒரு விளிம்பும் கேட்டு வாங்கினோம். ஐகானின் வேலையைச் செய்வது ஏசியை இயக்கும் தனி கிளைமேட் கன்ட்ரோலர், திரை கட்டளையை மட்டும் அனுப்பும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் ரிவர்ஸ் கேமராவைப் போல இந்த வரிசையும் முதலில் உயிர்பெற வேண்டும் என்று எழுதினோம். மழைநாள் காலையில் கண்ணாடி மங்குவது வண்டியை எடுத்த முதல் நிமிடங்களில்தான்.

மறைப்புக் கண்ணாடி சோதனையில், அதாவது பார்வையை விட்டுவிட்டு மறைக்கும் மூக்குக்கண்ணாடி போட்டு வேலை செய்யவைக்கும் சோதனையில், இது தேறியது. ஐஎஸ்ஓ 16673 என்ற சர்வதேச முறைப்படி அந்த மூக்குக்கண்ணாடி 1.5 வினாடி திறக்கும், 1.5 வினாடி மூடும். பெரும்பாலானவர்கள் ஒரே திறப்பில் ஐகானைத் தொட்டார்கள். அந்த முடிவை நினைத்தால், எடுத்த முடிவு சரிதான் என்று நிம்மதி வரும். அடுத்த நிமிடமே, அந்த இருக்கை ஆய்வகத் தரையில் அசையாமல் நின்றது என்பதும் நினைவுக்கு வரும். அங்கே எந்த முன்கண்ணாடியும் மங்கவில்லை, யாருக்கும் பதற்றமில்லை.

கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல், முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹஸார்டு, வைப்பர், ஹாரன், அவசர உதவியை அழைக்கும் எஸ்ஓஎஸ் ஆகிய ஐந்துக்கும் கையால் உணரக்கூடிய கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. இதை வாசித்தபோது முதலில் சந்தோஷம்தான். பட்டியலில் டீஃபாகர் இல்லை. சீனியரும் அதைக் கவனித்து, “உங்க ஆளுங்களே சேர்க்கலீங்களே” என்றார். நீண்ட குளிர்காலம் உள்ள நாடுகளே அதைச் சேர்க்கவில்லை என்றால், நான் பிடித்துக்கொண்டு நிற்பது சரிதானா என்ற சந்தேகம் வராமல் இல்லை. ஈரத்தை அளக்கும் சென்சார் வைத்த மேல் வேரியண்டில் டீஃபாகர் தானாகவே ஓடும் என்பதும் உண்மை. ஆனால் கீழ் வேரியண்டில் அந்த சென்சார் கிடையாது. கையால் இயக்க வேண்டிய வண்டிதான் எண்ணிக்கையில் அதிகம் விற்கும்.

இப்போது என்னை உறுத்துவது செலவு இல்லை. பட்டனை ஒரு இடத்தில் வைத்தால் வண்டி உடையும்வரை அங்கேதான் இருக்கும். ஐகானை ஒரு அப்டேட் நகர்த்திவிடும். இரண்டு வருஷம் பழகிய விரல் போகும் இடத்தில் ஒரு காலையில் சீட் சூடாக்கும் ஐகான் இருக்கலாம். ‘இடம் மாறக் கூடாது’ என்று ஸ்பெக்கில் எழுதியிருக்கிறோம். அதைச் சொன்னால் சீனியர், “எழுதிட்டோம்ல, அப்புறம் என்னங்க?” என்பார். ஆனால் அப்டேட் போடும் டீம் வேறு, அவர்கள் திறந்து பார்க்கும் ஆவணமும் வேறு. அடிவரிசையில் எதை மாற்றினாலும் மறைப்புக் கண்ணாடி சோதனையைத் திரும்ப நடத்த வேண்டும் என்று இன்னொரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அந்தச் சோதனைச் செலவு எந்த டீமின் கணக்கில் என்பதில் பேச்சு நிற்கிறது.