இருபது நிமிட வெளிச்சமும் நான்கு நிமிட ஷட்டரும்

ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து அலையை மழுங்கடிக்கும் லாங் எக்ஸ்போஷர் கடல் படங்களுக்கான வழிகாட்டிகளில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுக் கரைகளில் நின்று எழுதியவை என்பது என் சந்தேகம். அங்கே சூரியன் சாய்வாக இறங்கும், மறைந்த பிறகும் வெளிச்சம் போக மனசில்லாமல் நெடுநேரம் தங்கும். வெப்பமண்டலக் கரையில் அந்தச் சலுகை கிடையாது. சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக இறங்குகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல், அதன்பின் படத்துக்கு உதவுகிற அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காலண்டருக்கும் விடுதிச் சுவருக்கும் கடல் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், இந்த இருபது நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் என் முழுக் கவலையும்.

கணக்கைப் பாருங்கள். நான்கு நிமிடத்துக்கு ஷட்டரைத் திறந்து வைக்கிறோம். கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன் ஆகியிருந்தால், படம் முடிந்ததும் அது ஷட்டரை மூடிக்கொண்டு அதே நான்கு நிமிடத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுக்கும். இருட்டில் தெரிகிற புள்ளிகளை நிஜப் படத்திலிருந்து கழிப்பதற்காக. ஆக ஒரு படத்துக்கு எட்டு நிமிடம். இரண்டு படம் எடுத்தால் பொழுது முடிந்தது. சரி, அதை அணைத்துவிடலாமே என்றால் குறுக்கே வெப்பம் வருகிறது. வெளிச்சம் துளியும் படாவிட்டாலும், படம் பதிகிற சென்சாரில் வெப்பத்தாலேயே கொஞ்சம் மின்னோட்டம் உண்டாகும், சுமார் ஆறு முதல் எட்டு டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். பத்து டிகிரியில் நின்று எடுப்பவருக்குச் சுத்தமாக வருகிற நான்கு நிமிடப் படம், முப்பது டிகிரியில் சிவப்பும் நீலமுமான புள்ளிகளோடு வரும்.

நான் கடைப்பிடிக்கும் வழி, நான்கு நிமிடத்தை முப்பது முப்பது விநாடியாக எட்டுப் படங்களாக உடைத்து, பிறகு கணினியில் சராசரி எடுப்பது. தண்ணீர் அதே அளவுக்கு மழுங்கிவிடும், கண்டபடி சிதறுகிற புள்ளிகளும் (நாய்ஸ்) குறையும். நடுவில் யாராவது டார்ச்சோடு குறுக்கே நடந்துபோனால் அந்த ஒரு படத்தை மட்டும் தூக்கிப் போடலாம், முழு நான்கு நிமிடமும் வீணாகாது. இடம் மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிகள் மட்டும் சராசரியில் போகாது. அதற்கு, வெளிச்சம் போனதும் லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ (உணர்திறன் அளவு), அதே விநாடிகளில் சில இருட்டுப் படங்களை, கேமரா அதே சூட்டில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கழிக்கிற வேலையை வீட்டில் செய்துகொள்ளலாம். மேகக் கோடுகள் மட்டும், மேகம் வேகமாக ஓடுகிற நாளில், படத்துக்குப் படம் இருக்கும் சின்ன இடைவெளியில் விட்டுவிட்டு வரும். அன்றைக்கு ஒரே மூச்சில் எடுப்பதுதான் நல்லது.

மாலையில் இன்னொரு தொல்லை. ஷட்டர் திறந்திருக்கும்போதே வெளிச்சம் வடிந்துகொண்டிருப்பதால், ஆரம்பத்தில் போட்ட கணக்குப்படி எடுத்தால் படம் இருண்டுதான் வரும். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். பத்து ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்குகிறது, 1/30 விநாடி முப்பத்துச் சொச்சம் விநாடியாகிவிடும். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றி ஆறு ஸ்டாப், அப்புறம் ஃபில்டரே இல்லாமல் என்று இறங்கி வரவேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஈரக் கை, உப்புச் சாரல். அதனால் எனக்கு விடியற்காலைதான் பிடிக்கும். ஃபோகஸுக்கும் ஃபிரேமுக்கும் இருட்டில் தடவ வேண்டியிருக்கும் என்பது உண்மைதான், அதற்கு முந்தின மாலையே இடத்தைப் பார்த்து வைத்துவிடலாம். பெரும்பாலான நாட்களில் விடியலில் கடற்காற்று எழுந்திருக்காது, தென்னங்கீற்று ஓரளவு அசையாமல் நிற்கும். மாலையில் கடல் அழகாக மழுங்க, ஓரத்துத் தென்னையும் சேர்ந்து பச்சைத் தீற்றலாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்குப் போய்ப் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும். மூடிய பையோடு கேமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும்.

ஏற்றவற்றத்தையும் பார்க்க வேண்டும். நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வருவதால், நீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரமும் விடியலும் ஒன்றுசேர்வது பல கரைகளில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். எனக்கு வற்றும் நீர்தான் வேண்டும்: காலடி படாத மணல், ஈரத்தில் மின்னும் பாறை, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஏறுமோ என்ற பயமும் இல்லை. ட்ரைபாட் காலில் எல்லோரும் மேல் கணுவை முதலில் நீட்டுவார்கள். கடலில் கீழ்க் கணுவை முதலில் முழுதாக நீட்டினால்தான் மூட்டுகள் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே இருக்கும். முடிந்ததும் ட்ரைபாடை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். லென்ஸில் காய்ந்த உப்பை ஒருபோதும் உலர் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும்.

இவ்வளவுக்கும் பிறகு வாடிக்கையாளர் கேட்பது ஒன்றே ஒன்று: “கடல் பால் மாதிரி இருக்கணும்.” எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. அரை விநாடியிலிருந்து இரண்டு விநாடிக்குள் எடுத்தால் திரும்பிப் போகும் அலை மணலில் நுரைக்கோடுகளை இழுத்துக்கொண்டு போவது தெரியும், அது எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும். முப்பது விநாடியைத் தாண்டினால் பாறையைச் சுற்றிப் புகை மட்டும்தான். 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே அலையை நிறுத்திப் பிடித்ததற்காகக் கொண்டாடப்பட்டார். ஒரே பிளேட்டில் வானமும் கடலும் சரியாக அமையாததால், சில படங்களுக்கு வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இணைத்தார். நாம் காசு கொடுத்துக் கறுப்புக் கண்ணாடி வாங்கி, அவர் பாடுபட்டு நிறுத்திய அலையை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போதெல்லாம் ஒரே இடத்திலிருந்து ஒரு விநாடிப் படமும் நான்கு நிமிடப் படமும் சேர்த்தே அனுப்புகிறேன். காலண்டர்க்காரர்கள் பெரும்பாலும் நான்கு நிமிடத்தைத்தான் எடுக்கிறார்கள். ரசனை என்று நினைத்துக் கொஞ்ச காலம் மனசுக்குள் வாதாடியிருக்கிறேன். விஷயம் அது இல்லை, அலை இல்லாத தண்ணீர் மேல் தேதிக் கட்டங்களை அச்சடிப்பது சுலபம்.